வேதகிரி ஏறி அடைத்த கடன்

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் நான் தோழிகளுக்குப் போன் போட்டேன். அம்மா திருக்கழுக்குன்றம் போக நாள் பார்த்தாள். விலங்கியலில் என் முனைவர் பட்டம் வருடக்கணக்கில் இழுத்தபோது, "முடிச்சுக் கொடுத்தா அவளோட மலை ஏறி வர்றேன்" என்று அங்கே மலைமேல் இருக்கிற வேதகிரீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டாளாம். முழங்கால் தேய்ந்தவள், 500 படிக்கு மேல் ஏறணுமே என்று யோசிக்கவே இல்லை.

பௌர்ணமியில் போனது எங்கள் தப்பு. கிரிவலக் கூட்டம். சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று ஒருவர் பின்னாலேயே வந்தார். எவ்வளவு என்றால் "பார்த்துக் கொடுங்க" என்கிறார். அந்த வார்த்தைக்கு நான் ரொம்பப் பயந்தவள். பாதி வழியில் அர்ச்சனைப் பையிலிருந்த பழத்தைக் குரங்கு உருவிக்கொண்டு போனது. "இதுக்குத்தான் விலங்கெல்லாம் படிச்சியா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள் அம்மா.

முன்பெல்லாம் உச்சி வேளையில் பிரசாதம் வாங்க இங்கே இரண்டு கழுகுகள் வருமாம். எனக்கு அவை மஞ்சள்முகப் பாறு, அம்மாவுக்கு ரிஷிகள். இப்போது வருவதில்லை.

சந்நிதியில் அர்ச்சகர் பேர் கேட்டதும் அம்மா 'டாக்டர்' சேர்த்துச் சொன்னாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கோ நத்தைகள் ஞாபகம் வந்தது. ஆய்வுக்காகக் குளம் குளமாகப் பொறுக்கிய ஆப்பிள் நத்தைகள். ஃபார்மலின் திரவம் நத்தை ஓட்டை அரித்துவிடும் என்று, கெடாமலிருக்க 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, சீட்டு ஒட்டி அடுக்கினேன். குளம் வற்றினால் ஓட்டின் வாயை மூடியால் சாத்திக்கொண்டு, சேற்றுக்குள் மாதக்கணக்கில் மழைக்குக் காத்துக் கிடக்கிற உயிர். அதற்கு நான் கொடுத்தது ஒரு எண். கற்பூர வெளிச்சத்தில் அந்தச் சீட்டுகள்தான் வரிசையாகத் தெரிந்தன. நன்றி சொல்ல வந்தவள், "அதுகளையும் பார்த்துக்கோ சாமி" என்றேன். அப்புறம் என் ஆய்வு வழிகாட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடித் தந்த மீன்காரர், பக்கத்தில் கால் நடுங்க நிற்கிற அம்மா என்று ஒவ்வொருவராக வர, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

கீழே சங்கு தீர்த்தம். 12 வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறப்பதாகச் சொல்கிற குளம். "சங்கும் நத்தை வகைதானேடி? கடல்ல இருக்கறது இங்க எப்படி வருது?" என்றாள் அம்மா. பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் படியிறங்கி, தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டேன்.