டூருக்கு ஒரு புதையல் வேட்டை

ஜனவரி 4, 2025, சனி

இந்த வருட டூர் சென்னை இஞ்சம்பாக்கத்தில் இருக்கிற வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காதான் என்று முடிவாகிவிட்டது. ஏழாம் வகுப்பு, 54 பிள்ளைகள். போன வருடம் வேறொரு பூங்காவுக்குப் போனபோது ரைடில் ஏறப் பயந்த பிள்ளைகள் பாதி நாள் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் காத்தார்கள், டிக்கெட் காசு என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் இந்த முறை ஒரு புதையல் வேட்டை வைக்கலாம் என்று எச்.எம். மேடத்திடம் கேட்டேன். "ஓடிப் பிடித்து விழுந்து வைக்கப் போகிறார்கள்" என்றார். ஓடினால் மார்க் குறையும் என்று விதி போடுகிறேன் என்றதும் சரி என்று 1,500 ரூபாய் ஒதுக்கினார். பரிசு, ஜெராக்ஸ், எல்லாம் அதற்குள்.

செல்போன் கிடையாது. படம் எடுத்து வா என்கிற வேலை எதுவும் வேண்டாம். பேப்பர், பென்சில், பரீட்சை அட்டை போதும்.

ஜனவரி 11, சனி

என் பையனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தேன். அவன் ரைடு ரைடாக ஏற, நான் கீழே நின்று நோட்டில் எழுதினேன். முக்கியமாகப் பார்த்தது, அடுத்த மூன்று வாரத்தில் மாறாத பொருள் எது என்று. பேனர், விலைப்பட்டியல், பூச்செடி எதையும் நம்பக்கூடாது. ராட்டினத்தில் தொங்கும் கூண்டுகளின் எண்ணிக்கை, ரைடு வாசலில் இருக்கிற உயர அளவு, சிலைகள், இவை எங்கேயும் போகாது.

அப்புறம் அந்தச் சிலை மனிதர், சிலை மாதிரி அசையாமல் நிற்பதே அவர் வேலை. சென்னைப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்பது ஊரறிந்த சவால், நம் பிள்ளைகளும் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வேலை பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் முன்னால் 54 பேர் நின்று கோணங்கி காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: ஐந்தடி தள்ளி நின்று பேசாமல் பாருங்கள், அசையாத அவரிடம் அசைகிற இரண்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு உங்கள் குழுவில் ஒருவர் இரண்டு நிமிடம் அதேபோல நிற்க வேண்டும், மற்றவர்கள் தொடாமல் சிரிப்பு மூட்டலாம்.

ஜனவரி 18, சனி

பொங்கல் லீவில் விடுகதைகளை எழுதி முடித்தேன். "ராட்டினத்துக்குப் போ" என்று எழுதினால் அதில் என்ன இருக்கிறது?

ஏறினவன் இறங்குவான், இறங்கினவன் ஏறுவான், நட்டது நட்டபடி நிற்கும். இது ராட்டினம்.

கொள்ளு தின்னாது, குளம்படி கேட்காது, நாள் முழுக்க ஓடியும் ஊர் போய்ச் சேராது. இது சுற்றுக் குதிரை.

மூச்சு உண்டு, பேச்சு இல்லை. பல் உண்டு, சிரிப்பு இல்லை. இது யாரென்று சொல்ல வேண்டாம்.

எனக்கே ரொம்பப் பிடித்த கேள்வி கொலம்பஸ் கப்பலில் இருக்கிறது. அது ஒரு பெரிய ஊசல். கீழே நிற்பவர்கள் போய்வரும் ஐந்து ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும், கூட்டம் நிறைந்த கப்பலுக்கு ஒரு தடவை, பாதி காலியாக ஆடும்போது ஒரு தடவை. ஆள் ஏறினால் மெதுவாகிவிடும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஊசலின் நேரத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம், எடை அல்ல, ஆகவே இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஒரு போய்வருதலுக்கு 6 வினாடி பிடித்தால் அது சுமார் 9 மீட்டர் நீள ஊசல் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம், அதைக் கேட்டால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒன்று கவனிக்க வேண்டும், ரொம்ப உயரம் போகும்போது நேரம் சற்றே கூடும், அதனால் இரண்டு தடவையும் கப்பல் முழு உயரம் தொட்ட பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். கப்பலில் உட்கார்ந்து கத்துகிறவனால் இதை எண்ண முடியாது, கீழே நிற்கிறவன்தான் எண்ண முடியும்.

விளக்குக் கம்பத்தின் உயரத்தை நிழல் வைத்துக் கண்டுபிடிப்பதும் உண்டு. ஜனவரிக் கடைசியில் சென்னையில் உச்சி வெயிலிலேயே 30 செ.மீ ஸ்கேலுக்கு 17, 18 செ.மீ நிழல் விழும், அது போதும். ராட்டினத்தையே அளக்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன், அதன் நிழல் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுகிறது.

ஜனவரி 25, சனி

பரிசு வாங்கப் பாரிமுனை. காசி செட்டி தெருவில் சனிக்கிழமை நுழைவது ஒரு தைரியம். டஜன் கணக்கில் கேட்டால்தான் கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கிறார். சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, சாவிக்கொத்து. "ஸ்கூலுக்குண்ணே" என்று நான் ஆரம்பிக்குமுன் அவரே "ஸ்கூலுக்கா டீச்சர், விசில் எடுத்துக்குங்க, நல்லா போகும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் 54 விசில்! வேண்டவே வேண்டாம் என்றேன். சாக்லேட்டும் வேண்டாம், வெயிலில் கூழாகும். நோட்டுப்பேடுகளை ஆண்டர்சன் தெருவில் வாங்கினேன்.

கணக்கு இப்படி: எல்லாருக்கும் தலைக்கு 10 ரூபாயில் ஒரு கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட், ஆக 540. ஆறு பேர் குழு ஒன்பது. முதல் குழுவுக்குத் தலைக்கு 50, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 20, சேர்த்து 600. ஜெராக்ஸ் 60. மீதி 300ஐத் தனிப் பரிசுகளுக்கு வைத்திருக்கிறேன்: நல்ல சந்தேகம் கேட்டவர், அதிக நேரம் அசையாமல் நின்றவர், இந்த மாதிரி. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்தால் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கும் கெத்து வந்துவிடும்.

பெட்டிக்கடையில் சீட்டு கிழித்துப் பரிசு எடுப்போமே, அந்த அட்டையும் ஒரு கடையில் தொங்கியது. கை துறுதுறுத்தது. ஆனால் அது அதிர்ஷ்டம், கண்ணால் பார்த்து உழைத்ததற்கான கூலி இல்லை, விட்டுவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

கோவளம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். காலை முழுக்க ரைடு, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னே வேட்டை, ஒன்றரை மணி நேரம். குழுவைப் பிரித்தது நான்தான், ரைடு ஏறாத ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கிற மாதிரி. பி.இ.டி. சார் ஓடுகிறவர்களைப் பிடிக்க நின்றார், மூன்று குழுவுக்கு மார்க் வெட்டினார், இரக்கமே கிடையாது.

சிலை மனிதரிடம் என்ன அசைந்தது? இமை என்று எல்லாரும் எழுதினார்கள். மூச்சில் ஏறி இறங்கும் மார்பு என்று நாலு குழு. ஒரு பெண் மட்டும் "கழுத்து வழியாக இறங்கும் வியர்வை" என்று எழுதியிருந்தாள். அது அசைவுக் கணக்கில் வருமா என்று இரண்டு குழுக்கள் சண்டைக்கே வந்துவிட்டன. வரும் என்று தீர்ப்பு சொன்னேன்.

கொலம்பஸில் ஒரே குழுதான் இரண்டு தடவையும் பொறுமையாக எண்ணியது. ஊஞ்சலில் ஏறவே பயப்படுகிற பையன் கடிகாரம் பார்த்தான். "டீச்சர், ஆள் நிறைய இருந்தும் அதே நேரம்தான் வருது, என் வாட்ச் சரியில்லையா?" என்றான். அந்தக் கேள்விக்கே ஒரு பூதக்கண்ணாடி போனது.

பிப்ரவரி 1, சனி

பில்களை ஒட்டி எச்.எம்.முக்குக் கணக்கு எழுதினேன். மீதி 45 ரூபாய், திருப்பிக் கொடுத்தாயிற்று. எட்டாம் வகுப்பு டீச்சர் கேள்வித்தாளைக் கேட்டார், அவர்கள் போவது பிப்ரவரி கடைசியில். நிழல் கேள்வியில் ஸ்கேலின் நிழல் அளவை மட்டும் மாற்றச் சொன்னேன், அதற்குள் வெயில் இன்னும் மேலே ஏறிவிடும்.