சுரங்கத்தில் மழையும் கிணறுகளும்: நாட்குறிப்பு

அக்டோபர் 9

இரவு முழுக்க நல்ல மழை. தானியங்கி மழைமானியில் 46 மி.மீ., பக்கத்தில் நட்டிருக்கும் சாதாரண மழைமானியில் 49. தானியங்கியின் உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணம் 0.2 மி.மீ. நிரம்பியதும் கவிழும், கவிழும் அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. அடைமழையில் இந்த இழப்பு கூடும். அதனால்தான் கையால் அளப்பதை நிறுத்த நான் சம்மதிப்பதில்லை. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10 கன மீட்டர் நீர். நம் சுரங்கக் குழி 60 ஹெக்டேர். அப்படியானால் ஒரே இரவில் 29,400 கன மீட்டர்.

அக்டோபர் 10

இவ்வளவு மழைக்குப் பிறகு மேலாழக் கிணற்றில் (நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஆழம் குறைந்த கிணறு) நீர்மட்டம் 6 செ.மீ. இறங்கியதாக சென்சார் சொல்கிறது. டேப்பை இறக்கிப் பார்த்தேன், மட்டம் அசையவே இல்லை. இறங்கியது காற்றழுத்தம், 6 ஹெக்டோபாஸ்கல். சென்சார் நீரின் அழுத்தத்தோடு மேலிருக்கும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது; 1 ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய 1 செ.மீ. நீருக்குச் சமம். அதைக் கழித்ததும் கணக்கு சரியாகிவிட்டது.

அக்டோபர் 13

தூறல். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 17

மழைநீர் இப்போதுதான் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலாழக் கிணறு 31 செ.மீ. ஏறிவிட்டது. இங்குள்ள மண்ணில் நீர் தங்கும் இடைவெளி பத்தில் ஒரு பங்குதான். ஆக, உண்மையில் இறங்கிய நீர் சுமார் 31 மி.மீ. மீதி ஓடியும் ஆவியாகியும் போயிருக்கும்.

ஆனால் எல்லை ஓரக் கிணறு 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. பம்பு பதிவேட்டைப் புரட்டினேன். 12ஆம் தேதி இரவிலிருந்து கூடுதலாக ஓர் ஆழ்துளை பம்பு ஓடுகிறது. குழியின் சரிவுச் சுவருக்குள் நீரழுத்தம் ஏறினால் சுவர் சரியும், அதனால் நிறுத்தச் சொல்ல முடியாது. அதற்காக எல்லைக்கு வெளியே இருப்பவர்களின் கிணறுகளை மறந்துவிடலாமா? அதே நீரடுக்கிலிருந்துதான் அவர்களும் இறைக்கிறார்கள். மாத சராசரி போட்டால் இந்த இறக்கம் கண்ணிலேயே படாது. மழை, நீர்மட்டம், பம்பு ஓடிய நேரம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 20

மாதிரி எடுக்கும் நாள். கிணற்றுக் குழாயில் தேங்கிய பழைய நீரை, அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துவிட்டு, கார அமில அளவும் (பி.எச்.) நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின் கடத்துதிறனும் ஒரு நிலைக்கு வந்த பிறகே புட்டியில் பிடிக்க வேண்டும். கழிவுமண் மேட்டுக்குக் கீழே உள்ள கிணற்றில் போன மாதம் 6.5 இருந்த பி.எச். இன்று 5.4. கடத்துதிறனும் ஏறியிருக்கிறது. பக்கத்து வடிகால் கற்களில் ஆரஞ்சு நிறப் படிவு, தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. மேட்டு மண்ணில் இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். மழை அதைக் கீழே கொண்டுவருகிறது என்றே நினைக்கிறேன்.

அந்த அமிலத்தைக் காட்டிக்கொடுக்கும் சல்பேட் எவ்வளவு என்ற ஆய்வு முடிவு வரும்வரை அந்த வடிகாலை வெளியே விடாமல் சேமிப்புக் குட்டைக்குத் திருப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மழைக்காலம் முடியும்வரை இந்தக் கிணற்றில் மாதம் ஒரு மாதிரி போதாது, வாரம் ஒன்று வேண்டும்.