மைலுக்கு ஒரு உலுக்கு

ஜூன் 3, திங்கள்
கார், பழைய மொறிஸ் மைனர், திரும்பவும் மிஸ் அடிக்குது: ஓடேக்க எஞ்சின் ஒரு கணம் நிண்டு பிடிக்குது. யாழ்ப்பாணத்தில, கொக்குவிலில இருந்து மருதனார்மடம் போறதுக்கிடையில நாலு தரம். கண் இமைக்கிற நேரந்தான். மொறிஸ் மைனர் ஒரு உலுக்கு உலுக்கிப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி ஓடுது. சும்மா ஓட விட்டா ஒரு பிழையும் இல்லை. 16ஆம் திகதி கார் வேணும், இன்னும் பதின்மூண்டு நாள்.

ஜூன் 4
பிழை பெற்றோலா நெருப்பா (பிளக்கில பாயிற பொறி) எண்டதை முதல்ல பிரிக்க வேணும். பெற்றோல் குறைஞ்சா எஞ்சின் மெல்லச் சோர்ந்து மெல்லத்தான் மீளும், ஏனெண்டா பெற்றோலைக் காத்தோட கலக்கிற கார்பரேற்றர் கிண்ணத்தில கொஞ்சம் மிச்சம் கிடக்கும். நெருப்பு நிண்டா வெட்டினமாதிரி நிக்கும், வெட்டினமாதிரி வரும். இது வெட்டு.

எண்டாலும் எஸ்.யூ. பெற்றோல் பம்பைப் பாத்தாச்சு. சாவியைத் திருப்பினா கொஞ்ச நேரம் டிக் டிக் எண்டு அடிச்சு நிக்க வேணும். நிண்டுது. நிக்காமல் அடிச்சா ஒண்டில் காத்து இழுக்குது, இல்லாட்டி கிண்ணத்து ஊசி மூடேல்லை.

கீழ, பழைய மண்ணெண்ணெய்க் குழாய் அடைச்சபடி இன்னும் கிடக்கு. சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின். அப்ப மிஸ் அடிச்சா ஒருத்தரும் காரணம் தேடேல்லை.

ஜூன் 5
"பிளக்கை மாத்து தம்பி" எண்டார் கராஜ் அண்ணை. நாலையும் கழட்டினா நாலும் இளம் மண்ணிறம், இடைவெளி 25 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்குதான் ஒரு தௌ). நல்ல பிளக். ஒரு பிளக்கோ ஒரு வயரோ பிழையெண்டா அந்த ஒரு சிலிண்டர் மட்டும் நொண்டும், நாலும் ஒண்டாய் விழாது. இது நாலும் ஒண்டாய் விழுறது. அப்ப பிழை கொயிலுக்கும் (பற்றறிக் கறண்டைக் கூடின வோல்ற்றேஜ் ஆக்கிறது) றோட்டருக்கும் (அதைச் சுழண்டு நாலு பிளக்குக்கும் பங்கிடுறது) இடையில, இல்லாட்டி கொயிலுக்கு வந்து போற கறண்டில.

ஜூன் 6
கண்டென்சரோ? பொயின்ற் (கொயில் கறண்டை வெட்டி வெட்டி விடுற சுவிச்) கருகாமல் காக்கிறது அதுதான்.

ஜூன் 8, சனி
டைனமோவை எடுத்து ஜப்பான் ஓல்ற்றனேற்றர் போட்டதில இருந்துதான் எல்லாம். இந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த்தில பிறந்தது, பற்றறியின்ர பொசிற்றிவ் முனைதான் கார் உடம்போட தொடுத்திருந்தது. மாத்தேக்க பற்றறி வயரைத் திருப்பியிருக்கினம், கொயில் வயரைத் திருப்பேல்லை. அப்பிடி விட்டா பொறி தலைகீழாய்ப் பாயும். பிளக்கின்ர நடுக்கம்பிதான் சூடு கூடினது. இலத்திரன் சூட்டில இருந்து லேசாய்க் கிளம்பும். தலைகீழானா குளிர்ந்த பக்கத்தில இருந்து கிளம்ப வேண்டி வந்து கூடின வோல்ற்றேஜ் கேக்கும். மிதிக்கேக்கதான் அது தட்டுப்படும்.

பென்சில் சோதனை: இரண்டு பக்கமும் சீவின பென்சிலை, பிளக் வயர் நுனிக்கும் ஏர்த்துக்கும் இடையில பிடிக்கிறது. வயரை இன்சுலேற்றட் குறட்டாலதான் பிடிக்க வேணும், வெறுங்கை வேண்டாம். செம்மஞ்சள் கீற்று ஏர்த்துப் பக்கம் விரிஞ்சா சரி. வயர்ப் பக்கம் விரிஞ்சுது.

பழைய கொயிலில எஸ்.டபிள்யூ. (சாவிப் பக்கம்), சி.பி. (பொயின்ற் பக்கம்) எண்டு எழுதியிருக்கும். இப்ப சாவியில இருந்து வாறது சி.பி.க்கு, பொயின்ற்றுக்குப் போறது எஸ்.டபிள்யூ.வில. கொயில் 3 ஓமுக்கு மேல காட்டுது, நல்லது.

ஏத்தம் இல்லாத ஊரில சுமை குடுத்துப் பாக்கிறதும் ஒரு கஷ்டம். கீரிமலையிலயும் மலை பேரிலதான். நாலாம் கியரில 20 மைல் வேகத்தில வைச்சு முழுசா மிதிச்சன். உலுக்கேல்லை! ஆனா கால் பங்கு மிதியில, சும்மா போகேக்க, இன்னும் அடிக்குது.

ஜூன் 9
றோட்டர். றோட்டரும் பொயின்ற்றும் இருக்கிற டிஸ்ரிபியூற்றரின்ர மூடியைக் கழட்டி, கொயிலின்ர நடு வயரை றோட்டரின்ர பித்தளைக்கு மேல 3 மில்லிமீற்றர் தள்ளிப் பிடிச்சு, பொயின்ற்றைத் தட்டித் திறந்தால் பொறி பாயக்கூடாது. பாஞ்சா றோட்டர் உள்ளால ஷாஃப்ற்றுக்கு ஒழுகுது. ஆணி அடிச்ச புது றோட்டர்களில இது அதிகம். பாயேல்லை.

ஜூன் 10
கண்டென்சரை மாத்தினன். அதே உலுக்கு. பழையதைத் திரும்பப் போட்டன். இப்ப கடையில வாற புதுசை விட ஓடிப் பழகின பழசில நம்பிக்கை. பொயின்ற் சாம்பல் நிறம், நீலம் பாயேல்லை, கருகேல்லை. கண்டென்சர் செத்தா பொயின்ற் சொல்லும்.

ஜூன் 11
கச்சான் காத்து. பொனற் திறக்கேலாத தூசி.

ஜூன் 12
ஊசி மீற்றரை பொயின்ற் வயருக்கும் ஏர்த்துக்கும் போட்டு, வயரை உள்ளுக்கு இழுத்து டாஷ்போட்டில வைச்சு ஓடினது. ஓடேக்க ஊசி இடையில எங்கயோ நிக்கும். மிஸ் வரேக்க பூச்சியத்துக்கு விழுந்தா சாவிப் பக்கத்துக் கறண்ட் போகுது. முழு 12க்கும் மேல துள்ளினா கறண்ட் வருது, ஏர்த்துக்குப் போற வழி அறுகுது.

துள்ளிச்சுது. மூண்டு தரமும்.

பிறகு வக்கூம் குழாயை (எஞ்சின்ர உறிஞ்சலால பொயின்ற் இருக்கிற தட்டைத் திருப்புறது) கழட்டி, கார்பரேற்றர்ப் பக்கத்து வாயை அடைச்சுப்போட்டு ஓட, ஒரு உலுக்கும் இல்லை. குழாயை மாட்டினா திரும்ப வருது. கால் பங்கு மிதியிலதான் வக்கூம் தட்டை அதிகமாய் இழுக்கும். தட்டு திரும்பேக்க உள்ளுக்குள்ள என்னவோ அறுகுது. ஆறு நாள் கண்டென்சரோட மினக்கெட்டது!

ஜூன் 13
டிஸ்ரிபியூற்றருக்குள்ள, வெளி முனையில இருந்து பொயின்ற்றுக்குப் போற துணி சுத்தின குட்டி வயர். வெளியால பாத்தா முழுசு. இரண்டு விரலால இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது. உள்ளுக்குள்ள செம்பு இல்லை, துணி மட்டும். தட்டு ஒவ்வொரு தரமும் திரும்ப அது வளையிறது, வளைஞ்சு வளைஞ்சு முறிஞ்சது.

வீட்டு வயர் போடக்கூடாது, விறைப்பு, ஒரு மாசத்தில முறியும். பழைய மீற்றரின்ர சிலிக்கன் வயரை வெட்டிப் போட்டன், நூல் மாதிரி இழை. ஈயம் வைக்கேக்க அதிகம் விடக்கூடாது. ஈயம் இழைக்குள்ள ஏறின இடம் கம்பியாகும், அந்த விளிம்பிலதான் அடுத்த முறிவு. தட்டுக்கும் உடம்புக்கும் போற ஏர்த் வயரையும் அதே வயரால மாத்தினன். தட்டைக் கையால முழுசாத் திருப்பி, வயர் இழுபடேல்லை, கமில (பொயின்ற்றைத் திறக்கிற சுழல் தண்டில) தட்டேல்லை எண்டு பாத்தன். பொயின்ற் 15 தௌ. பொயின்ற்றைத் தொட்டா ரைமிங்கும் (பொறி பாயிற நேரம்) அசையும், அதையும் திரும்ப வைச்சன்.

பொயின்ற் மூடியிருக்க, தட்டுக்கும் பற்றறி ஏர்த்துக்கும் இடையில 0.1 வோல்ற். 0.2க்குக் கீழ இருந்தா போதும்.

ஜூன் 14
ஆனையிறவு போய்த் திரும்பினது. வக்கூம் குழாய் மாட்டினபடி. ஒண்டுமில்லை.

ஜூன் 15
கழுவிப் பூசினது. பின்னேரம் செம்மணியில ஒரு உலுக்கு. றோட்டில குழியும் இருந்தது. ஊசி மீற்றரைத் திரும்ப மாட்டினன்.