இக்னோவில் எம்.ஏ.: பாடத்தைவிடத் தேதிகள்தான் காலை வாரும்

இக்னோவில், அதாவது தொலைநிலையில் படிக்க வைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய எம்.ஏ. மூன்று, நான்கு என்று இழுத்துக்கொண்டே போனால், அதற்குப் பாடத்தில் வரும் சாஸர், ஷெல்லி மாதிரி ஆங்கிலக் கவிஞர்கள் காரணமாக இருப்பது அபூர்வம். வீட்டில் எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு அசைன்மென்ட் பதிவாகாமல் போயிருக்கும். இரண்டாம் ஆண்டுக்கான ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் தேதி தாண்டியிருக்கும். தேர்வுப் படிவம் போட மறந்திருப்பார்கள். கல்லூரியில் இதையெல்லாம் பார்க்க அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருப்பார். வகுப்புக்கே வந்து “நாளைக்குள்ள ஃபீஸ் கட்டிடுங்க” என்று சொல்லிவிட்டும் போவார். இங்கே அந்தக் கிளார்க் வேலையும் உங்கள் தலையில்தான்.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் இது. தலைமையகம் டெல்லி மைதான் கர்ஹியில். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு. அவற்றின் கீழே, பெரும்பாலும் ஏதாவதொரு கல்லூரிக் கட்டடத்தில், ஸ்டடி சென்டர்கள் இயங்கும். பள்ளி ஆசிரியர்களும் வேலையில் இருப்பவர்களும் விட்ட படிப்பைத் தொடர்பவர்களும் விரும்பி எடுக்கும் எம்.ஏ. ஆங்கிலத்தை, அதாவது எம்.இ.ஜி.யை, உதாரணமாக வைத்துக்கொள்வோம். மற்ற எம்.ஏ.க்களுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஒவ்வொரு பாடத்திலும் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம். எம்.ஏ.வில் தேர்ச்சிக்கு 40 வேண்டும், இளநிலையில் 35. இரண்டிலும் தனித்தனியாக அந்த எல்லையைத் தொட வேண்டும் என்பதைப் பலர் கிரேடு கார்டு, அதாவது மதிப்பெண் அட்டை, வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். அசைன்மென்ட்டில் 80, தேர்வில் 38 என்றால் கூட்டல் 24 + 26.6, அதாவது 50.6 வரும். ஆனால் பாடம் தேறாது, ஏனென்றால் தேர்வில் 40 இல்லை. நல்லவேளையாக 80 அழியாது. தேர்வை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.

இதே கணக்கை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் தேவை. கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 50. அசைன்மென்ட்டில் 75 வாங்கியவர் 55ஐத் தொட, தேர்வில் 47 எடுத்தால் போதும். அசைன்மென்ட்டை ஏனோதானோவென்று எழுதி 50 வாங்கியவருக்கு அதே 55க்குத் தேர்வில் 58 வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்குத் தேர்வு அறையில் அந்தக் கூடுதல் 11 மதிப்பெண் லேசில் வராது. வீட்டு மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் அசைன்மென்ட்டில் 25 கூட்டுவது அதைவிட எளிது. வேறு யோசனை எதையும் கேட்காவிட்டாலும் இதையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரு முறை. தேர்வு ஜூன், டிசம்பர். வருடக் கணக்கில் நடக்கும் படிப்பென்பதால், ஜூலையில் சேர்ந்தவருக்கு முதல் தேர்வு அடுத்த ஆண்டு ஜூனில் வரும். ஜனவரியில் சேர்ந்தவருக்கு அதே ஆண்டு டிசம்பரில். அசைன்மென்ட் கேள்வித்தாளும் இதே சுழற்சியில்தான் போகும். ஒரு ஜூலையும் அடுத்து வரும் ஜனவரியும் சேர்த்து ஒரு கேள்வித்தாள் வரும், அதன் முகப்பிலேயே எந்த செஷனுக்கானது என்று அச்சிட்டிருக்கும். இணையத்தில் தேடும்போது முதலில் வந்து விழுவது பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். முகப்பைப் பார்க்காமல் இறக்கி, நாற்பது பக்கம் எழுதி, மையத்தில் கொடுக்கும்போது “இது போன வருஷத்துது” என்று திருப்பித் தந்தால் அழுகைதான் வரும்.

கெடுவைத் தவறவிட்டாலும் இதே வினை உண்டு. இந்த முறை கொடுக்காத அசைன்மென்ட்டை அடுத்த முறை அப்படியே கொடுக்க முடியாது. அப்போது நடப்பிலிருக்கும் புதிய கேள்விகளுக்குத்தான் எழுத வேண்டியிருக்கும். ஜூன் தேர்வுக்கான கெடு மார்ச், ஏப்ரல் கடைசியிலும், டிசம்பர் தேர்வுக்கானது செப்டம்பர், அக்டோபர் கடைசியிலும் விழும். தேதியை நீட்டிப்பது வழக்கம்தான். நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிடக் கூடாது.

அசைன்மென்ட்டைக் கையால் எழுத வேண்டும். கோடு போடாத ஏ4 தாள் போதும், இடப்பக்கம் 4 செ.மீ. விட்டு எழுதுங்கள், திருத்துபவர் குறிப்பு எழுத அந்த இடம். ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு வரி இடைவெளி. முதல் தாளில் என்ரோல்மென்ட் எண், பெயர், படிப்பின் குறியீடு, பாடத்தின் குறியீடும் தலைப்பும், ஸ்டடி சென்டர் குறியீடு, தேதி, கையெழுத்து. நான்கு பாடத்துக்கு நான்கு தனித்தனிக் கட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முகப்பு. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கட்டினால், ஒரு பாடம் பதிவாகி மற்ற மூன்றும் எங்கே என்று தேடும் நிலை வரும். பாடக் குறியீட்டில் ஓர் எண் மாறினாலும் மதிப்பெண் வேறெங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும்.

கொடுப்பதற்கு முன் முழுவதையும் ஸ்கேன் செய்யுங்கள். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அதைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் ஏற்றச் சொன்னால், ஏற்றியதற்கான பக்கத்தையும் மின்னஞ்சலையும் சேமியுங்கள். சில மாதம் கழித்தும் கிரேடு கார்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், முதலில் போக வேண்டிய இடம் ஸ்டடி சென்டர். திருத்தி மதிப்பெண்ணை மேலே அனுப்புவது அவர்கள். அங்கே அனுப்பிவிட்டோம் என்றால் அடுத்தது மண்டல மையம். கையில் சீட்டு இருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். சீட்டு இல்லாவிட்டால் புதிய கேள்விகளுக்கு மறுபடி எழுத வேண்டியதுதான்.

காசு கொடுத்தால் எழுதிய அசைன்மென்ட்டே கிடைக்கிறதே என்பவர்களுக்கு: அதே பி.டி.எஃப். அதே மையத்தில் இன்னும் இருபது பேரிடம் இருக்கும். ஒரே ஆசிரியர் இருபதையும் திருத்துகிறார். மூன்றாவது தாளிலேயே அவருக்கு விளங்கிவிடும். அது போகட்டும், பார்த்து எழுதியவருக்குத் தேர்வில் கைவசம் எதுவும் இருக்காது. அசைன்மென்ட்டும் தேர்வும் ஒரே அச்சில் வார்த்தவை.

இனி கட்டண விவகாரம். இதில் மூன்று பெயர்கள் குழப்பும். ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் என்பது இரண்டாம் ஆண்டுக்குப் பணம் கட்டிப் பதிவது. தேர்வுப் படிவம் என்பது ஒவ்வொரு தேர்வுக்கும் பாடவாரியாகத் தனியே பணம் கட்டுவது. படிப்புக் கட்டணத்தில் இது அடங்காது, போன முறை கட்டியதும் இந்த முறைக்குச் செல்லாது. ரீ-அட்மிஷன் என்பது வேறு. எம்.ஏ.வுக்கு அதிகபட்சம் 4 ஆண்டு, அதற்குள் முடியாதவர்கள் மீதிப் பாடங்களுக்குப் பணம் கட்டி நீட்டிப்பு வாங்குவது அது. இணையதளத்தில் இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்திப் பணம் கட்டிவிட்டுப் புலம்புவோர் உண்டு.

இவற்றில் ஆளை விழுத்துவது ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்தான். முதலாண்டு ரிசல்ட் வந்த பிறகு இரண்டாம் ஆண்டுக்குக் கட்டலாம் என்று நினைப்பது கல்லூரிப் பழக்கம். இங்கே ரிசல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஜூலை செஷனுக்கான பதிவு, ஜூன் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே திறந்திருக்கும். ரிசல்ட் வர அதற்குப் பிறகு பல வாரம் ஆகும். காத்திருந்தவர் ரிசல்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பணம் கட்டப் போனால் கதவு சாத்தியிருக்கும், அடுத்த செஷன் வரை ஆறு மாதம் போச்சு. முதலாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறாவிட்டாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பதியலாம். தேர்வே எழுதாவிட்டாலும் பதியலாம்.

படிக்க என்ன வழி? ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் அளவு. எம்.இ.ஜி.யில் ஒரு பாடம் 8 கிரெடிட் என்றால் 240 மணி நேரம், நான்கு பாடத்துக்கு 960. ஒரு வருடத்தில் முடிக்க, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வேலைக்குப் போகிறவர் யாரும் அவ்வளவு படிப்பதில்லை, படிக்காமலும் தேறுகிறார்கள். ஆனால் தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டும் உட்கார்ந்து இந்தத் தாள்களைக் கடக்க நினைத்தால், முதலில் சொன்ன தேர்வு மதிப்பெண் 38 எங்கிருந்து வருகிறது என்று புரியும். அசைன்மென்ட்டை முதல் மூன்று மாதத்தில் எழுதத் தொடங்குபவர், பாடத்தில் பாதியைத் தன்னையறியாமல் படித்து முடித்திருப்பார்.

அச்சுப் புத்தகம் தபாலில் வரத் தாமதமாகலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பாடப் பகுதிகளும் இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சேரும்போதே டிஜிட்டல் புத்தகம் போதும் என்று தேர்ந்தெடுத்தால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. திரையில் நீண்ட நேரம் படிக்க முடியாதவர்கள் அந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்பட வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் அதைவிட அதிகம் போய்விடும்.

எம்.இ.ஜி.-1 பிரிட்டிஷ் கவிதையை எடுத்துக்கொண்டால், சாஸரில் தொடங்கி டிலன் தாமஸ், லார்கின், சில்வியா பிளாத் வரை வரும். பக்கத்துக்குப் பக்கம் மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் ஸ்பென்சரைத் தாண்டுவதில்லை. ஐந்தாண்டு பழைய வினாத்தாள்களை, அதாவது பத்துத் தாள்களை, இக்னோ தளத்திலிருந்து இறக்கி, எந்தக் கவிஞர் எத்தனை முறை வந்திருக்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். மில்டன், டன், வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், யேட்ஸ், எலியட் போன்ற பெரிய பெயர்களில் ஆறேழு பேரை ஆழமாகவும், மற்றவர்களை ஒரு பக்கக் குறிப்பாகவும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும். ஆனால் கவிதைகளை மட்டும் மூலத்தில் படித்தே ஆக வேண்டும். தாளின் முதல் கேள்வி பொதுவாகக் கட்டாயமானது. சில வரிகளைக் கொடுத்து இடம் சுட்டி விளக்கச் சொல்லும். கைடு மட்டும் படித்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

அந்த விளக்கத்துக்கு ஒரு சட்டகம்: கவிஞர், கவிதை, எந்தச் சூழலில் யார் சொல்வது என்று இரண்டு வாக்கியம். வரிகளின் பொருள் நான்கைந்து வாக்கியம். உவமை, யாப்பு, சொல்லாட்சியில் கண்ணில் படும் ஒன்றிரண்டு. முழுக் கவிதையில் அந்த வரிகளின் இடம் பற்றி ஒரு வாக்கியம். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கவிஞரின் பிறந்த ஊர் அறவே வேண்டாம்.

தேர்வு மூன்று மணி நேரம், காலை 10 முதல் 1 அல்லது பிற்பகல் 2 முதல் 5. ஐந்து கேள்விக்கு 180 நிமிடம். ஒன்றுக்கு 33 நிமிடம் கொடுத்தால் கடைசியில் 15 நிமிடம் மிஞ்சும். பெரும்பாலோர் செய்வது என்ன? நன்றாகத் தெரிந்த முதல் கட்டுரைக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, ஐந்தாவதை அரைப் பக்கத்தில் விடுவது. 20க்கு 13 வாங்கும் விடையை எவ்வளவு நீட்டினாலும் 15 ஆகலாம். எழுதாத விடைக்கு 0தான். இன்னொரு சங்கதி கை வலி. ஃபோனில் தட்டிப் பழகிய விரல்கள் இரண்டாம் மணி நேரத்தில் ஒத்துழைக்காது. தேர்வுக்கு முன் இரண்டு முழுத் தாளாவது மணி பார்த்து எழுதிப் பாருங்கள்.

தமிழில் விடை எழுதலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். எம்.ஏ. ஆங்கிலத்தில் இயலாது. வரலாறு, பொலிட்டிக்கல் சயின்ஸ் போன்ற முதுகலைப் படிப்புகளும் ஆங்கிலம், இந்தி வழியில் நடப்பவை. எளிய ஆங்கிலத்தில் சிறிய வாக்கியமாக எழுதினால் மதிப்பெண் குறையாது.

தேர்வு ஒரு மாதத்துக்கு மேல் பரவிக்கிடக்கும். அட்டவணை வந்ததும் விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். முதலாண்டு பாக்கியும் இரண்டாம் ஆண்டுத் தாளும் சேர்ந்தால் ஒரே நாளில் காலையும் மாலையும் விழலாம். படிவம் போடும் முன் தற்காலிக அட்டவணையோடு ஒப்பிட்டு, எத்தனை தாள் தாங்கும் என்று முடிவு செய்யுங்கள். கட்டிய தாளை எழுதாமல் விட்டால் பணம் திரும்பாது. ஹால் டிக்கெட்டைத் தளத்திலிருந்து இறக்கி, இக்னோ அடையாள அட்டையோடு கொண்டு போக வேண்டும்.

ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். பழையதிலும் புதியதிலும் எது அதிகமோ அது நிற்கும், குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தேறிய பாடத்தை மதிப்பெண் போதவில்லை என்று நினைத்தபோதெல்லாம் திரும்ப எழுத முடியாது. முழுப் படிப்பும் முடிந்த பிறகு, முதல் வகுப்புக்கோ இரண்டாம் வகுப்புக்கோ, எம்.ஏ. என்றால் 55 சதவீதத்துக்கோ, 2 சதவீதத்துக்குள் குறைந்தவர்களுக்கு மட்டும் இம்ப்ரூவ்மென்ட் வாய்ப்பு உண்டு. 60ஓ அதற்கு மேலோ எடுத்தால் முதல் வகுப்பு, 50ஓ அதற்கு மேலோ எடுத்தால் இரண்டாம் வகுப்பு.

எல்லாம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் நீங்கள் பதிவு செய்த முகவரிக்குத் தபாலில் வரும். பட்டச் சான்றிதழுக்குப் பட்டமளிப்பு விழாக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். சேரும்போது வாடகை வீட்டு முகவரி கொடுத்துவிட்டு இடையில் வீடு மாறியவர்கள், கடைசித் தேர்வு எழுதிய கையோடு மண்டல மையத்தில் முகவரி மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.