.30-06 ரைபிளுக்கு எல்க் குண்டு: கோடையிலிருந்து அக்டோபர் வரை

கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன காலிபர்?" (குண்டின் விட்டம்). என்னிடம் இருப்பது ஒரே ரைபிள், .30-06. 1906ல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான தோட்டா. அதைவிட வேகமான, புதுப் பெயர் கொண்ட தோட்டாக்கள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தும் எல்க்குக்கு இது போதுமா என்று இங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆகவே காலிபர் சர்ச்சைக்குள் நான் போகவே இல்லை. தோட்டாவின் முனையில் உட்காரும் குண்டு எது என்பதற்குத்தான் கோடை முழுவதும் போனது.

எல்க் கடமானைவிட ஒரு சுற்றுப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெண் 225 கிலோ அளவில் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பித்து எனக்குக் குலுக்கலில் கிடைத்தது பெண் எல்க் உரிமம். மாநிலச் சட்டம் கேட்பது அதிகமில்லை: குறைந்தது .24 காலிபர், எல்க்குக்கு 85 கிரெய்ன் எடை, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், பட்டதும் விரியக்கூடிய குண்டு. .30-06 தோட்டாவில் எதை வாங்கினாலும் இந்த எடையும் ஆற்றலும் தாராளமாக வந்துவிடும். விரியாத முழு உறைக் குண்டை மட்டும் ஒதுக்க வேண்டும். சட்டம் இங்கே வடிகட்டியே தவிர வழிகாட்டி இல்லை.

(விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமத்தைக் கொலராடோவில் வாங்க, 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும்.)

கடையிலிருந்து நான்கு வகை வாங்கினேன். ஒன்று, ஈயத்தின் மேல் மெல்லிய செப்பு உறை போட்ட சாதாரண 180 கிரெய்ன். இரண்டாவது, நீண்ட தூரத்துக்கென்று மெலிந்து ஒடுங்கக் கடைந்த கூர்முனைக் குண்டு. மூன்றாவது நோஸ்லர் பார்ட்டிஷன், 180 கிரெய்ன். 1946ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றின் மீது சுட்ட குண்டுகள் ஆழம் போகாமல் சிதறியதைப் பார்த்துவிட்டு ஜான் நோஸ்லர் யோசித்து வடிவமைத்தது. குண்டின் நடுவே ஒரு செப்புச் சுவர். முன்னறை ஈயம் விரிந்து சிதறினாலும் பின்னறை உருக்குலையாமல் உள்ளே போகும். நான்காவது பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், 168 கிரெய்ன், முழுக்கச் செம்பு, ஈயமே கிடையாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகள்; என் குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது போதும்.

முதலில் காகித இலக்கு. 100 கஜத்தில், மணல்மூட்டை மேல் வைத்து மூன்று மூன்றாகச் சுட்டேன். செம்புக் குண்டுக்கு மாறுவதற்கு முன் குழலைக் கரைசல் விட்டுத் தேய்த்து, துணி நீலமாக வருவது நிற்கும்வரை சுத்தம் செய்தேன். பழைய உறைச் செம்பு உள்ளே படிந்திருந்தால் புதுக் குண்டின் குணம் சரியாகத் தெரியாது. பார்ட்டிஷன் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குள் விழுந்தது, டிடிஎஸ்எக்ஸ் ஒன்றேகால். நீண்ட தூரக் குண்டு முக்கால் அங்குலத்தில் ஒரே பொத்தலாகக் குத்தியது. பார்த்தவர்கள் எல்லாம், "இதுதான், முடிந்தது கதை" என்றார்கள். எனக்கு முடியவில்லை. எல்க்கின் நெஞ்சுப் பகுதி ஒரு அடிக்கும் மேல் அகலம். 100 கஜத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழும் குண்டு 300 கஜத்தில் நான்கு அங்குலத்துக்குள்தான் பரவும். காகிதத்தில் கிடைக்கும் அரை அங்குல வித்தியாசம் மலையில் எதையும் மாற்றாது. உள்ளே போனபின் குண்டு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குத்தான் தண்ணீர்க் கேன்கள். ஒரு காலன் பால் கேன்களில் நீர் நிரப்பிப் பலகை மேல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, கிழக்குச் சமவெளியில் நண்பர் ஒருவரின் பண்ணையில், பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துச் சுட்டேன். தண்ணீர் எல்க் ஆகிவிடாது; எலும்பும் தோலும் இல்லை. ஆனால் ஒரே பொருளுக்குள் நான்கு குண்டுகளையும் ஒப்பிடலாம். மிக அருகிலிருந்து சுட்டால் குண்டு முழு வேகத்தில் மோதும், அதுதான் கடுமையான சோதனை. சாதாரணக் குண்டின் உறை ஒரு கேனிலும் ஈயம் இன்னொன்றிலுமாகப் பிரிந்து கிடந்தது. காகிதத்தில் ஜெயித்த குண்டு முதல் இரண்டு கேன்களை வெடிக்க வைத்துவிட்டு, அதற்கப்பால் ஒரு சிறு துண்டாகத்தான் போனது. வெளிமானுக்கு அது போதும், விலா எலும்பு மட்டும் குறுக்கே வந்தால் எல்க்குக்கும் போதும். தோள் எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததும் அதை ஒதுக்கிவிட்டேன்.

பார்ட்டிஷன் சொன்னபடி நடந்தது: முன்பகுதி போய்விட்டது, பின்பகுதி ஆழத்தில் கிடைத்தது, தராசில் மூன்றில் இரண்டு பங்கு எடை மீதம். டிடிஎஸ்எக்ஸ் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக் கேனில் கிடந்தது. முனை பூப்போல விரிந்து, நான்கு இதழ்களும் பின்னோக்கி மடங்கியிருந்தன, எடை 167 கிரெய்ன். செம்புக் குண்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது, வேகம் குறைந்தால் அது விரிய மறுக்கும். விநாடிக்கு 1800 அடிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பொதுக் கணக்கு. குழல்முனையில் 2800 அடியில் கிளம்பும் என் தோட்டா 300 கஜத்தில் இன்னும் 2200க்கு மேல் வைத்திருக்கும். ஆனாலும் கணக்கை மட்டும் நம்பாமல் கேன்களை 300 கஜம் தள்ளி வைத்தும் சுட்டேன். இதழ்கள் குட்டையாக, ஆனால் நான்கும் விரிந்திருந்தன. அதற்கு மேல் சுடுவதில்லை என்று அன்றே வரம்பு போட்டுக்கொண்டேன்.

பார்ட்டிஷனா டிடிஎஸ்எக்ஸா என்ற கடைசிக் கேள்வியைத் தீர்த்தது இறைச்சி. 2008ல் மினசோட்டா இயற்கை வளத் துறை நடத்திய சோதனையில், ஈயத் துணுக்குகள் காயத்திலிருந்து ஒரு அடிக்கு அப்பாலும் கிடந்தன. கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது; அங்கே முதல் கவலை, வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலைத் தின்னும் காண்டோர் கழுகுகள். கொலராடோவில் தடை இல்லை. ஆனால் வீட்டில் ஒரு வருஷம் குழந்தைகள் சாப்பிடப்போகும் கறி. செம்புக் குண்டின் விலை சாதாரணத் தோட்டாவைவிட ஏறக்குறைய இரட்டிப்பு என்பது உண்மைதான். மலிவானதில் பயிற்சி எடுத்து, செம்பில் ஸ்கோப்பைச் சரிபார்த்துக்கொண்டேன்.

200 கஜத்துக்கு ஸ்கோப்பை அமைத்தால் குண்டு 100 கஜத்தில் குறியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மேலே, 300ல் ஏழெட்டு அங்குலம் கீழே படும். டென்வர் பக்கம் 5,300 அடி உயரத்தில் பழகிவிட்டு 9,000 அடிக்கு ஏறினால் காற்று மெலிந்து இறக்கம் கொஞ்சம் குறையும்; என் வரம்புக்குள் அது பொருட்டே இல்லை. மூச்சு வாங்கும்போது உட்கார்ந்தபடி, முதுகுப்பை மேல் வைத்துச் சுடுவதுதான் கஷ்டம். ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அந்தப் பயிற்சி.

அக்டோபர் கடைசியில் ஃப்ளாட் டாப்ஸ் மலைப்பகுதி. ஆஸ்பென் மரங்கள் இலையுதிர்ந்து நின்றன, நிழலில் பனி. காலையில் மந்தை ஒன்று திறந்த சரிவுக்கு வந்தது. செம்புக் குண்டுக்குக் கொடுக்க வேண்டிய விலை அங்கேதான் புரிந்தது. அது ஒரு விலங்கைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பதையும் அடிக்கும். என் உரிமம் ஒன்றுக்குத்தான். நல்ல குறுக்கு நிலையில் ஒரு பெண் எல்க் நின்றும், பின்னால் இன்னொன்று மேய்ந்துகொண்டிருந்ததால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவை நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒன்று தனியாக, பின்பக்கம் சற்றே என்னை நோக்கித் திரும்பி நின்றது. ரேஞ்ச்ஃபைண்டரில் 210 கஜம்.

சுட்டேன். குண்டு விலாவின் பின்பகுதியில் நுழைந்து, இரண்டு நுரையீரலையும் துளைத்து, எதிர்ப்பக்கத் தோளை உடைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. எல்க் நாற்பது கஜம் ஓடி விழுந்தது. பனியில் இருபுறமும் ரத்தத் தடம், தேடவே தேவைப்படவில்லை. உடைந்த தோளைச் சுற்றிக் கொஞ்சம் கறி கன்றிப்போனது, மற்றதெல்லாம் சுத்தம். பாலினம் தெரியும் பாகத்தைச் சட்டப்படி ஒட்டியபடியே விட்டு, நான்கு கால்களாகப் பிரித்துச் சுமந்தோம். தலையை மாநில வனவிலங்குத் துறையான கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் மையத்தில், மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய்ச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் முதல் மிளகு வறுவல்.

குண்டு மண்ணுக்குள் போய்விட்டதால் தராசில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷத்துக்கென்று மனைவியின் 6.5 க்ரீட்மூர் ரைபிளுக்கு 127 கிரெய்ன் எல்ஆர்எக்ஸ், பார்ன்ஸின் இன்னொரு செம்புக் குண்டு, வாங்கியிருக்கிறோம். அவள் ரைபிளின் குழல் குட்டை, வேகம் இன்னும் குறையும். அவளுடைய வரம்பு 300 கஜமாக இருக்காது, எவ்வளவு என்பதைக் கேன்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.