காற்று குளிர்விக்கும் எஞ்சினில் காற்றுக்கு ஒரே வழி

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் சூடாகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: எஞ்சினைச் சுற்றி ஓடும் ரப்பர் சீல் முழுசாக இருக்கிறதா? பெரும்பாலும் பதில், "அப்படி ஒன்று இருக்கிறதா என்ன?" என்பதுதான். கூடுதல் ஆயில் கூலர் வாங்கியிருப்பார்கள், பெரிய ஆயில் பம்ப் மாட்டியிருப்பார்கள். சீல் மட்டும் இருக்காது.

இந்த எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. ஜெனரேட்டர் தண்டின் மறுமுனையில் ஒரு ஃபேன். அது எஞ்சின் அறையிலிருந்து காற்றை இழுத்து, ஷ்ரவுடு என்னும் தகர உறைக்குள் அழுத்தி, சிலிண்டர்கள் மேலும் அவற்றின் முனையை மூடும் ஹெட்கள் மேலும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. சூடான காற்று வண்டிக்கு அடியில் வெளியேறிவிட வேண்டும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களும் ரப்பர் சீலும் சேர்ந்துதான் மேலே குளிர்ந்த அறை, கீழே சூடான அறை என்று பிரிக்கின்றன. சீல் கிழிந்துவிட்டால் கீழே போன அனல் மேலே ஏறி வரும். ஃபேன் அதையே மறுபடி இழுக்கும். அப்புறம் எத்தனை கூலர் வைத்து என்ன பயன்?

இருட்டில் வண்டிக்கு அடியில் ஒரு விளக்கை வைத்துவிட்டு, மேலே எஞ்சின் அறைக்குள் எட்டிப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் அனல் ஏறும் இடம். ஸ்பார்க் பிளக் வயர் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அங்கே விஷயம் கொஞ்சம் வேறு: ஹெட்டுக்குப் போக வேண்டிய அழுத்தக் காற்று அந்த வழியாக வெளியே தப்பிவிடும். ஹீட்டரைக் கழற்றியவர்கள் ஷ்ரவுடின் இரண்டு பக்கக் குழாய் வாய்களைத் திறந்தே விட்டிருப்பார்கள். அவற்றை மூடியே ஆக வேண்டும்.

எஞ்சின் வெளியே வந்திருக்கும்போது ஹெட் ஃபின்களை, அதாவது சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகளை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். வார்ப்பில் மிஞ்சிய மெல்லிய உலோகத் தோல், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி ஃபின்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்திருக்கும். எஞ்சினிலேயே அதிகம் சூடாகும் இடம் அது, காற்று போகாத இடமும் அதுவே! மெல்லிய வட்ட அரத்தை விட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். இந்த வேலைக்கு ஒரு நாள் மாலை போனாலும் தகும். சிலிண்டர்களுக்கு அடியில், வால்வுகளை இயக்கும் தண்டுகள் ஓடும் புஷ்ராடு குழாய்களுக்கு மேலே, காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகரங்கள் இருக்கின்றன. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும்போது முதலில் தொலைவது அவைதான். அவை இல்லாவிட்டால் காற்று சிலிண்டரின் அடிப்பக்கத்தைச் சுற்றி வராமல் நேராகக் கீழே விழுந்துவிடும்.

பழைய எஞ்சின்களில் மூன்றாவது சிலிண்டருக்குத்தான் கஷ்டம். ஆயில் கூலர் ஷ்ரவுடுக்குள்ளேயே, அதற்கு நேர் மேலே நிற்கிறது. அந்தச் சிலிண்டருக்கு வரும் காற்று குறைவு, வருவதும் ஏற்கெனவே சூடானது. 1971 மாடலிலிருந்து கூலரைத் தனி அறைக்குத் தள்ளி, ஃபேனையும் அகலமாக்கினார்கள். பழைய எஞ்சினுக்குச் செலவு செய்வதாக இருந்தால், இந்தப் பிந்தைய ஷ்ரவுடை அதன் ஃபேனோடும் கூலரோடும் மாட்டுவதற்கே என் ஓட்டு. ஹெட் சூட்டை அளக்க ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் மாட்டும் வளைய சென்சாரை வாங்கினால் அதையும் மூன்றாவதில் மாட்டுங்கள். ஆயில் மீட்டர் மெதுவாகத்தான் ஏறும். அது காட்டுவதற்குள் ஹெட் பாடுபட்டிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் நல்லது என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சுமார் 65 முதல் 70 டிகிரியில் தெர்மோஸ்டாட்டின் பெல்லோஸ் (சூட்டில் விரியும் மடிப்பு உலோகக் குப்பி) விரிந்து ஷ்ரவுடுக்குள் இருக்கும் மடல்களைத் திறக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகாது, தேய்மானம் கூடும். பெல்லோஸ் ஓட்டை விழுந்து கெட்டாலும் விரிந்த நிலையில்தான் நிற்கும், மடல்கள் திறந்தே இருக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த பொருளை ஏன் தூக்கிப்போட வேண்டும்? திறந்த மடல்கள் காற்றைத் திசைதிருப்பவும் செய்கின்றன. அதனால் மடல்களையும் கழற்றுவது இன்னும் மோசம்.

கடைசியாக ஃபேன் பெல்ட். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். தளர்ந்திருந்தால் புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் மாட்டுங்கள். தூக்கி எறிய வேண்டாம், புது பெல்ட் போடும்போது தேவைப்படும். ஓடும்போது ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றிருக்கும். உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஒரு மாற்று பெல்ட், 21 மில்லிமீட்டர் ஸ்பேனர், புல்லியின் வெட்டில் கொடுத்துப் பிடிக்க ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவர், இந்த மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.