நியூ லானார்க்: ராபர்ட் ஓவனின் ஆலைக் கிராமம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லானார்க். அங்கிருந்து நியூ லானார்க் ஏறக்குறைய 2 கிலோமீட்டர், கடைசியில் நல்ல சரிவு. காரில் வந்தாலும் வண்டியை மேட்டில் விட்டுவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது முழங்கால் முணுமுணுக்கும். முதியவர்களுடன் போகிறவர்கள் லானார்க்கிலிருந்து பேருந்து பிடியுங்கள்.

ஆலையைப் பள்ளத்தில் கட்டியதற்குக் காரணம் கிளைட் ஆறு. அது அருவிகளாக விழும் விசையில் சக்கரங்களைச் சுழற்றத்தான் டேவிட் டேல் இங்கே பருத்தி நூற்பாலை தொடங்கினார். அவருடைய மகளை மணந்தவரும் பின்னாளில் சமூகச் சீர்திருத்தவாதியாகப் பெயர்பெற்றவருமான ராபர்ட் ஓவன் 1800 ஜனவரி 1 அன்று நிர்வாகத்தை ஏற்றார்.

மூன்றாம் எண் ஆலைக் கட்டடத்தில் ஒரு பழைய நூற்பு எந்திரம் இன்றும் ஓடுகிறது. இப்போது நூற்பது கம்பளி. அதைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். 'மௌனக் கண்காணிப்பான்' என்ன என்று பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் நான்கு வண்ணம் பூசிய சிறு மரக்கட்டை. ஓவன் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் தொங்கும். முந்தைய நாள் வேலை மோசமென்றால் கறுப்பு முன்னால் இருக்கும். சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. தினமும் பதிவேட்டிலும் ஏறும். அடியும் திட்டும் இல்லை. ஆனால் எல்லோர் கண்ணிலும் படும். ஓவனின் கருணைக்குள் கணக்கும் இருந்தது என்பதை இந்தக் கட்டையைப்போல எதுவும் காட்டாது.

தொழிலாளர்கள் அவரை முதலில் நம்பவில்லை. அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியைத் தடை செய்தபோது ஆலை நான்கு மாதம் நின்றது. எந்திரங்களைத் துடைத்துவைக்கும் வேலைக்கு முழுக் கூலி கொடுத்தார். அதன் பிறகே நிலைமை மாறியது.

கிராமக் கடையைப் பலர் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். தவறு. ஓவன் மொத்தமாகத் தரமான சரக்கு வாங்கி, குறைந்த விலைக்கு விற்றார். கிடைத்த லாபம் பள்ளிக்குப் போனது. பத்து வயதுக்குட்பட்டவர்களை ஆலையில் சேர்க்காதவருக்கு அவர்களை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே! 1816-ல் திறந்த கல்வி நிலையத்தில் நடக்கப் பழகிய குழந்தைகளையே சேர்த்துக்கொண்டார்கள். பாட்டு, நடனம், பெரிய வரைபடங்கள், அடி கிடையாது.

அருவிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கோரா லின் என்ற அருவி சுமார் 26 மீட்டர் உயரம். கிராமத்திலிருந்து ஆற்றோரமாகவே பாதை. பானிங்டன் மின்நிலையம் 1927 முதல் மேலேயே நீரைத் திருப்பிக்கொள்வதால், மழையில்லாத கோடையில் பாறைதான் மிஞ்சும். நல்ல மழைக்கு மறுநாள் போங்கள், வழுக்காத காலணியோடு.

1825-ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று ஒரு கூட்டுக் குடியிருப்பு தொடங்கிச் செல்வத்தில் பெரும்பகுதியை இழந்தார் ஓவன். அவர் கல்லறையை இங்கே தேடாதீர்கள். அது பிறந்த ஊரான வேல்ஸின் நியூடவுனில் இருக்கிறது. அவர் கருத்துகளின் வழிவந்த, 1844-ல் திறந்த கூட்டுறவுக் கடை இங்கிலாந்தின் ராச்டேலில் இப்போது அருங்காட்சியகம். இரண்டையும் பார்க்க வேறு நாள் ஒதுக்க வேண்டும்.